வற்றாத காவிரி, வற்றிய பணம் (6): தங்கம் புறப்பட்ட வருஷம்

ஐரோப்பிய யுத்தத்துக்கு முன்பு 16 பென்ஸ் பெற்றிருந்த ரூபாயை 1927ஆம் வருஷத்துச் சட்டம் 18 பென்ஸில் நிலைநாட்டியதையும், 1929 அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததையும், அந்தச் சரிவு கடல் தாண்டி வந்து சேலம் ஜில்லாவின் மானாவாரி நிலங்களில் விளைந்த நிலக்கடலையின் விலையை முதலில் பற்றிக்கொண்டதையும் சென்ற பகுதிகளில் பார்த்தோம்.

கடலை மேட்டு நிலத்துக் குடியானவனின் பயிர். ஆற்றுப் பாய்ச்சல் உள்ளவனோ, தனக்கு வாய்க்கால் இருக்கிறது, நெல் இருக்கிறது, கரும்பு இருக்கிறது என்று 1930ஆம் வருஷத்தின் நடுப்பகுதி வரையில் தைரியமாகவே இருந்தான். அந்தத் தைரியம் உடைந்த கதையை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

* * *

மார்கழி

ஜேடர்பாளையத்துக் காவிரிக் கரையில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் பாக்கியம் எதில் இருக்கிறதென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அகன்று, அவசரமில்லாமல் வருகிற ஆற்றின் குறுக்கே அணை. அந்த அணையின் தோளிலிருந்து பிரிந்து, பரமத்தி வேலூரைத் தொட்டுக்கொண்டு மோகனூர்ப் பக்கம் வரையில் வயல்களுக்கு உயிர் ஊட்டிப் போகிற ராஜா வாய்க்கால். அல்லாள இளைய நாயகர் வெட்டுவித்தது என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் அந்த வாய்க்காலின் தயவினால், கரையோரத்தில் நெல்லும் கரும்பும் வாழையும், அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால்களுமாகப் பச்சை மாறாத ஒரு பூமி விரிந்து கிடக்கிறது.

1930ஆம் வருஷத்து மார்கழியிலும் அந்தப் பச்சை மாறவில்லை. பிரமோதூத வருஷம் அது. பெரும் வறட்சி என்று சொல்லத்தக்க ஒன்றும் நேரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, கதிர் சாய்ந்தது, களத்தில் போர் ஏறியது.

இந்த நாட்டார் பஞ்சத்தை அறியாதவர்கள் அல்லர். 1876ஆம் வருஷத்தில் தொடங்கிய தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார்கள் இரவில் பேசினால் குழந்தைகள் சோற்றுப் பருக்கையைச் சிந்தாமல் உண்ணும் என்பார்கள். 1871 ஜனத்தொகைக் கணக்கில் 19 லட்சத்துச் சொச்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள் 1881 கணக்கில் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கினார்கள் என்றால், அந்தப் பேச்சில் அதிசயோக்தி சிறிதும் இல்லை என்று விளங்கும்.

ஆகவே பஞ்சத்துக்கு இவர்கள் அறிந்த இலக்கணம் ஒன்றுதான். மழை பொய்க்கும், ஆறு மணலாகும், களம் வெறுமையாகும், தானிய விலை வானத்துக்கு ஏறும். பிரமோதூத வருஷத்திலோ மழை பொய்க்கவில்லை, ஆறு மணலாகவில்லை, களமும் நிறைந்திருந்தது. விலை மட்டும் ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கியது. இறங்கி, இறங்கி, எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாதபடி இறங்கியது.

* * *

ஆலைக் கொட்டகையில்

கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதத்துப் பயிர் என்பதை நகரத்து வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கரணை ஊன்றுகிற நாளில் வெல்லம் என்ன விலை விற்கிறதோ அதை நம்பித்தான் குடியானவன் கடன் வாங்குகிறான், எரு அடிக்கிறான், தோகை கழிக்கிறான், ஆள் விடுகிறான். வெட்டுகிற நாளில் விலை என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல அவன் ஜோசியன் அல்லன். 1929இன் விலையை நம்பி ஊன்றிய கரணை 1930இன் விலைக்கு வெல்லமாயிற்று. 1930இன் விலையை நம்பி ஊன்றியது 1931இன் விலைக்கு.

அந்தப் பருவத்து ஆலைக் கொட்டகை ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள். விடியற்காலைப் பனியில் இரண்டு காளைகள் இரும்பு ஆலையைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. பிழிந்த சாறு கொப்பரையில் கொதிக்கிறது. அடுப்பு வாயில் காய்ந்த சக்கையைத் தள்ளுகிறவன் முகம் சிவந்திருக்கிறது. அழுக்கு எடுத்து, சுண்ணாம்பு இட்டு, நுரை அடங்கிப் பாகு திரளும்போது, பதம் பார்க்கிற முதியவர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத் தலையை அசைக்கிறார். கொப்பரையை இறக்குகிறார்கள்; சூடு ஆறுவதற்குள் கை பொறுக்கும் பக்குவத்தில் உருண்டை பிடிக்கிறார்கள். இவ்வளவும் வழக்கம் போலவே நடக்கிறது. வெல்லத்தின் நிறம் நன்றாக இருக்கிறது. மணம் நன்றாக இருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

வியாபாரி வருகிறார். ஓர் உருண்டையை உடைத்துப் பார்க்கிறார். விலை சொல்கிறார்.

"ஏனுங்க, போன மாசத்து விலைகூட இல்லீங்களா?"

"போன மாசத்து விலைக்கு எடுத்தவனெல்லாம் மண்டியில அப்படியே அடுக்கி வச்சுட்டு உக்காந்திருக்கானுங்க. அடுத்த சந்தைக்கு இந்த விலையும் நிக்காதுங்க."

இப்படிப்பட்ட பேச்சு எத்தனை கொட்டகைகளில் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. அந்த வியாபாரி வஞ்சகம் பேசவில்லை என்பதுதான் இதில் மிகவும் பரிதாபகரமான அம்சம். உலகம் முழுவதும் சர்க்கரை தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. ஜாவாத் தீவின் பெரிய ஆலைகள் தங்கள் சர்க்கரைக்கு நம் தேசத்தைத்தான் முக்கியமான சந்தையாகக் கொண்டிருந்தன. அது மலிய மலிய, ஜேடர்பாளையத்துக் கொப்பரையில் இறங்கிய வெல்லமும் மலிந்தது. ஜாவா எங்கே இருக்கிறதென்று அறியாத ஒருவர் வீட்டு வரவு செலவை ஜாவா தீர்மானித்தது.

* * *

தை மாதத்து நெல்

வெல்லம் போனாலும் நெல் கைவிடாது என்ற நம்பிக்கை ஒன்று மிஞ்சியிருந்தது. நியூயார்க் சரிவுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம், கோதுமையும் பருத்தியும் கடலையும் விழுந்துகொண்டிருக்கையில், அரிசி மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்து நின்றதால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது.

அதை உடைத்தது ரங்கூன்.

அக்காலத்தில் பர்மா இந்திய சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதி. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த தேசமும் அதுவே. சென்னை மாகாணத்துக்குப் பற்றாக்குறை நேர்ந்தபோதெல்லாம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது பர்மா அரிசி. 1930ஆம் வருஷத்தில் ஜப்பானில் விளைச்சல் அமோகமாகிவிடவே, கிழக்கே போக வேண்டிய அரிசிக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஏற்கெனவே கோதுமை மலிந்து கிடந்த ஐரோப்பாவிலும் ஆதரவில்லை. பர்மாவின் புதிய அறுவடை சந்தைக்கு வந்தபோது, 1931 ஜனவரியை ஒட்டிய வாரங்களில், ரங்கூனில் அரிசி விலை தடாலென்று விழுந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் கீழ்ப் பர்மாவின் விவசாயிகள் சாயா சானைத் தலைவராகக் கொண்டு கலகத்தில் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

ரங்கூனில் விழுந்த விலை சென்னைத் துறைமுகத்தில் விழுந்தது, தஞ்சாவூரில் விழுந்தது, காவிரியை எதிர்த்து மேலேறி வந்து பரமத்தி வேலூர் மண்டியிலும் விழுந்தது. பொங்கல் பானை பொங்கிய அதே வாரங்களில் இது நடந்தது.

1914ஆம் வருஷத்து விலைகளை 100 என்று வைத்துக் கல்கத்தாவில் மொத்த வியாபார விலைகளைக் கணக்கிட்டு வந்தார்கள். அந்தக் குறி 1929இல் 141. அடுத்த வருஷம் 116. 1931இல் 96. 1933இல் 87. இது எல்லாச் சரக்குகளுக்கும் சேர்ந்த சராசரி; விவசாயி விற்கிற பண்டங்கள் இதைக் காட்டிலும் அதிகமாக வீழ்ந்தன, அவன் வாங்குகிற பண்டங்கள் இவ்வளவு வீழவில்லை.

இந்த இடத்தில் 18 பென்ஸ் விவகாரத்தையும் மறுபடி ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற சரக்குக்கு, பழைய 16 பென்ஸ் விகிதத்தில் இந்திய விவசாயிக்கு 15 ரூபாய் சேரும். புதிய விகிதத்தில் சேர்ந்தது 13 ரூபாய் 5 அணா 4 பை. சீமையில் விலை விழுவதற்கு முன்பே, அந்த வித்தியாசத்தைச் சட்டம் அவன் மடியிலிருந்து எடுத்துவிட்டது. புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் இதை எதிர்த்து எழுதிய ஆட்சேபக் குறிப்பைச் சர்க்கார் கேட்டிருந்தால் மந்தம் வராமல் இருந்திருக்காது. ஆனால் அது வந்து இறங்கியபோது நம் குடியானவன் இவ்வளவு நிராதரவாக நின்றிருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

* * *

கிஸ்தி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. அக்காலத்துக் கிராமங்களில் தை பிறந்தால் கிஸ்தியும் பிறக்கும்.

நிலத்தீர்வையை ஒவ்வொரு குடியானவனிடமிருந்தும் நேரே ரொக்கமாக வாங்குகிற ரயத்துவாரி முறை இந்தியாவில் எங்கே பிறந்தது தெரியுமா? இதே சேலம், பாராமகால் சீமையில்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பிரதேசம் கும்பினியார் வசமானதும் அலெக்சாந்தர் ரீடு இங்கே கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ அந்த முறையைப் பிற்பாடு மாகாணம் முழுவதிலும் பரப்பினார். இடையில் ஜமீன்தார் இல்லை, குத்தகைதாரர் இல்லை. குடியானவனும் சர்க்காரும் முகத்துக்கு முகம் என்பதால், நியாயமான ஏற்பாடு என்றே அது புகழப்பட்டது. அதில் உண்மையும் உண்டு.

ஆனால் அந்த ஏற்பாட்டின் உள்ளே ஒரு முள் இருந்தது. செட்டில்மெண்டு உத்தியோகஸ்தர் நிலத்தின் விளைவை மதிப்பிட்டு, கடந்த இருபது வருஷங்களின் சராசரி விலையில் அதை ரூபாயாக்கி, சாகுபடிச் செலவைக் கழித்து, மீதியில் பாதியைத் தீர்வை என்று கண்டு, அதை முப்பது வருஷங்களுக்கு நிர்ணயித்துவிடுவார். விலை மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த நிர்ணயம் குடியானவனுக்குச் சகாயமாகவே இருந்தது. விலை விழுகிற காலம் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்க நேரவில்லை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவனுடைய தீர்வை வருஷத்துக்கு 30 ரூபாய். நெல் மூட்டை 6 ரூபாய். ஐந்து மூட்டை விற்றால் தீர்வை கட்டிவிடலாம். மூட்டை 3 ரூபாயானால் பத்து மூட்டை விற்க வேண்டும். தாலுகாக் கச்சேரிப் பேரேட்டில் தீர்வை அதே 30 ரூபாய்தான். ஒரு பைகூட ஏறவில்லை. குடியானவன் களத்திலோ அது இரட்டிப்பாகிவிட்டது.

மணியகாரரும் கர்ணமும் சாவடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் இந்த ஊர்க்காரர்களே. வந்து நிற்கிறவனுடைய வயல் எது, வரப்பு எது, பெண் கலியாணம் எப்போது நடந்தது என்பதெல்லாம் அறிந்தவர்கள். அவர்களால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். மேலே தாசில்தாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாக்கி நின்றால் 1864ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, தண்டோரா இருக்கிறது, ஜப்தி இருக்கிறது. வாசலில் கொண்டுவந்து வைக்கப்படுகிற பித்தளை அண்டாவை ஏலத்தில் எடுக்கிறவன் அடுத்த தெருக்காரனாக இருப்பான். அல்லது, எடுப்பதற்கு அவனிடமும் பணம் இராது.

இவ்வளவு துன்பத்துக்கும் பஞ்ச நிவாரணம் கிடையாது என்பதை எண்ணும்போது மனம் ஆறவில்லை. தாது வருஷத்துக்குப் பிறகு, 1880இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷனை ஒட்டி, பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை அவை; எண்ணற்ற உயிர்களைக் காத்தவையும்கூட. மழைக் குறைவும் தானிய விலை ஏற்றமும் தென்பட்டால் சோதனை வேலைகள் தொடங்க வேண்டும், தீர்வையை ஒத்திவைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். தானியம் மலிந்ததனாலே ஒரு தேசம் அழியக்கூடும் என்பது அந்த விதிகளை எழுதியவர்களின் சிந்தனைக்கு எட்டவே இல்லை. மழை மானியில் குறைவில்லை. சந்தை விலைப் பட்டியலில் ஏற்றமில்லை. ஆகவே காகிதத்தின்படி 1931இல் சேலம் ஜில்லா சுபிட்சமாக இருந்தது.

* * *

புரோநோட்டு

தீர்வைக்கு இல்லாவிட்டால் கடன் வாங்கலாமே என்று தோன்றும். வழக்கமும் அதுதான். சென்னையிலும் பம்பாயிலும் உள்ள பாங்கிகள் பெரிய சாகுகாரர்களுக்கும், அவர்கள் ஈரோடு, கரூர், சேலம் முதலிய ஊர்களின் மண்டிக்காரர்களுக்கும், மண்டிக்காரர்கள் கிராமத்து வியாபாரிக்கும், அவர் குடியானவனுக்குமாக, பணம் வாய்க்கால் தண்ணீரைப் போலத் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வந்துகொண்டிருந்தது. அறுப்புக்கு முன் இறங்கும். அறுப்புக்குப் பின் வட்டியோடு ஏறும்.

தலைமடையில் 1930இலேயே மடையை அடைத்துவிட்டார்கள். விலை விழுகிற சரக்கின் பேரில் எந்தப் பாங்கி கடன் கொடுக்கும்? புதுப்பணம் கீழே வரவில்லை. பழைய பணத்தைத் திருப்பிக் கேட்கும் சீட்டுகள் மட்டும் வந்தன. மேலே கேட்டார்கள், ஆகவே நடுவில் இருந்தவரும் கேட்டார். நடுவில் கேட்டார்கள், ஆகவே கிராமத்து வியாபாரியும் கேட்டார். கடன் கொடுத்தவர்களை எல்லாம் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். அவர்களில் பலரும் அந்த வருஷங்களில் ஒடிந்து போனார்கள்.

மாகாணத்து விவசாயிகளின் கடன் ஏறக்குறைய 150 கோடி ரூபாய் என்று 1930இல் பாங்கி விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது. 1935இல் டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் இதே விஷயத்தை ஆராய்ந்தபோது மதிப்பு 200 கோடியைத் தொட்டது. இந்த இடைக்காலத்தில் குடியானவனுக்குப் புதிதாகக் கடன் கொடுத்தவர்கள் மிகவும் குறைவு என்பதை நினைத்தால், ஏறியது பெரும்பாலும் கட்ட முடியாத வட்டியே என்று தெளிவாகும்.

* * *

நிலம் இல்லாதவர்கள்

இதுவரையில் நிலம் உடையவனைப் பற்றியே பேசினேன். அவனுக்காவது குதிரில் சோளமும் கம்பும் இருந்தன; களியும் கூழும் கிடைத்தன. நிலமே இல்லாத பண்ணையாளின் கதி என்ன?

வருஷக் கூலியை வள்ளக் கணக்கில் தானியமாக வாங்கியவனுக்கு, விலை விழுந்ததனால் நேரடியாக நஷ்டம் இல்லை என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லும். அது வேலை இருக்கிற வரையில். கொடிக்காலுக்கு மண் அணைக்க நான்கு பேரை விட்டவர் இரண்டு பேரை விட்டார். இரண்டு பேரை விட்டவர் தம் மனைவி மக்களோடு தாமே இறங்கினார். கரும்பை வெட்டி ஆட்டினால் கூலிக்கும் விறகுக்கும் கட்டாது என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு ஆலை ஆட்கள் அநாவசியமானார்கள்.

பழைய நாளில் இப்படி நேர்ந்தால் கங்காணி வருவார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களுக்கும் திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போயிருந்தார்கள். இப்போதோ அந்தக் கதவும் சாத்தப்பட்டது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போகவே, 1930 ஆகஸ்டில் மலாய் நாட்டுக்கு உதவிப் பணத்தோடு ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அங்கே இருந்தவர்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வறுமைக்குப் பயந்து ஓடிப்போனவர்கள், பத்து வருஷம் கழித்துத் தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக அதே வறுமைக்குத் திரும்பி வந்தார்கள்.

இந்த ஊரின் பெயரிலேயே தறி இருக்கிறது. ஜேடர் என்பது நெசவுத் தொழில் செய்வோரைக் குறிக்கும் பழைய பெயர். தறிக்காரனுக்குப் பருவ மழை வேண்டாம், கிஸ்தி இல்லை. ஆனால் அவன் நெய்த சேலையை வாங்குகிறவள் குடியானவன் மனைவி. முன்பு வாங்கிய விலைக்கு நூலைக் கடனாக எடுத்து, இன்று விற்கும் விலைக்குத் துணியைக் கொடுக்கிறவனுக்கு, பாவு நீள நீள நஷ்டமும் நீண்டது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் நிறுவிய காந்தி ஆசிரமம், நூற்பவர்களுக்குக் காலணாக் கூலியாவது கிடைக்க வழி செய்தது. அந்தக் காலணாவை இகழ்ச்சியாகப் பேசுகிறவர்கள் அந்த வருஷங்களை அறியாதவர்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் இந்தக் காலத்தில் ரூபாய் பெரிதாயிற்று. 1931 முடிவில் சர்க்கார் சம்பளங்களில் 10 சதவிகிதம் வெட்டினார்கள். வெட்டிய பிறகும், மிஞ்சிய சம்பளம் முன்னைவிட அதிகமான அரிசி வாங்கியது.

காந்தியடிகள் 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வினுக்கு முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில், உப்பு வரியை எடுப்பது ஒன்று. நிலத்தீர்வையைப் பாதியாகக் குறைப்பது ஒன்று. ரூபாயை 16 பென்ஸுக்குத் திருப்புவதும் ஒன்று. உப்பை மட்டும் சரித்திரம் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டது. ராஜாஜி ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தபோது, அந்த யாத்திரைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் இந்தக் காவிரிக் கரையில், மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர். கிராமத்தார் அந்தப் பாட்டை அவ்வளவு ஆவேசத்தோடு பாடியதற்குத் தேசபக்தி காரணம். காலியான மடியும் ஒரு காரணம் என்று சொல்வதால் அந்தத் தேசபக்திக்குக் குறைவு இல்லை.

* * *

1931 செப்டம்பர் 21

அன்று திங்கட்கிழமை. இங்கிலாந்து தன் பவுனுக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டது. ரூபாய் பவுனோடு 18 பென்ஸில் கட்டுண்டபடியே இருந்தது. பவுனின் மதிப்புத் தங்கத்தின் முன் சரியவே, ரூபாயும் அதன் பின்னே சரிந்தது. அதாவது, ரூபாயில் சொன்னால், தங்கத்தின் விலை ஏறத் தொடங்கியது.

தோலா 21 ரூபாய்ச் சொச்சமாக வருஷக் கணக்காக அசையாதிருந்த தங்கம், அந்த வருஷக் கடைசிக்குள் பம்பாயில் 30 ரூபாயை நெருங்கிற்று. எல்லாம் விழுந்துகொண்டிருந்த உலகத்தில் ஏறியது அது ஒன்றுதான்.

கிராமங்களுக்கு இந்தச் செய்தியைத் தினசரிகள் கொண்டுவரவில்லை. தட்டாரும் அடகுக்காரரும் கொண்டுவந்தார்கள். அதுவரையில் நகையை விற்பது என்றால் வீட்டுக்கு அமங்கலம், ஊருக்கு முன் தலைகுனிவு. இப்போது விற்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது. நல்ல விலை வந்திருக்கிறது, கடன் தீர்ந்தால் அடுத்த வருஷம் இதைவிடக் கனமாகச் செய்துகொள்ளலாம் என்று கணவன் சொல்லியிருப்பான். அவள் நம்பியிருக்க மாட்டாள். காதில் தொங்கிய கொப்பையும் முருகையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமலிருக்க ஓர் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

தட்டார் வீட்டுத் திண்ணையில் சிறு தராசு தூக்கப்படுகிறது. ஒரு தட்டில் குன்றிமணி; மறு தட்டில், தாய் வீட்டுச் சீராக வந்து, இரண்டு தலைமுறை கழுத்தில் கிடந்து, வியர்வையில் தேய்ந்து வழவழப்பான சங்கிலி. தேய்மானம் கழிகிறது; செம்பு கழிகிறது; அரக்குக் கழிகிறது. மீதி மூசையில் உருகிக் கட்டியாகிறது. எந்தப் பெண்ணின் எந்த நகை என்ற அடையாளம் அந்த உலையில் முடிந்துவிடுகிறது. கட்டி ஈரோட்டுக்குப் போகிறது. ஈரோட்டிலிருந்து ரயிலில் பம்பாய்க்கு. பம்பாயிலிருந்து கப்பலில் லண்டனுக்கு.

1931–32 கணக்கு வருஷத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 58 கோடி ரூபாய்த் தங்கம் வெளியேறிற்று. நூற்றாண்டுக் கணக்காகத் தங்கத்தை வாங்கிக்கொண்டே இருந்த தேசம், முதல் முறையாக அதை இப்படி வெள்ளமாக வெளியே அனுப்பியது. ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள் என்று இந்திய வர்த்தக சபைகள் மன்றாடின. நிதி மெம்பர் ஸர் ஜார்ஜ் ஷுஸ்டர் மறுத்துவிட்டார். ஜனங்கள் லாபம் பார்த்து விற்கிறார்கள், அதைத் தடுப்பானேன் என்பது சர்க்கார் தரப்பு வாதம். கிஸ்தி பாக்கிக்காகத் தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் தாலி கோத்துக்கொண்டவளை லாபம் பார்த்தவள் என்று கணக்கில் எழுத ஒரு சர்க்காரால் முடிந்தது. அந்தத் தங்கம் இங்கிலாந்தின் பவுனைத் தாங்கி நிறுத்த உதவியது. இந்தியாவிலிருந்து சீமைக்குக் கட்ட வேண்டிய பணமும் தவணை தவறாமல் கட்டப்பட்டது.

* * *

எந்த ரூபாய்?

தங்கம் ஒரு முறைதான் விற்கும். 1931இல் கிஸ்தியும் வட்டியும் அடைத்த வீட்டில், 1932இல் விற்க நகை இல்லை. அசல் அப்படியே நின்றது.

1928இல் ஒருவன் 100 ரூபாய் வாங்கி, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். அன்று மேலே சொன்ன கணக்கின்படி 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 17 மூட்டை நெல். நான்கு வருஷத்து வட்டி 48 ரூபாயை எப்படியோ செலுத்தினான். இன்று அசலைக் கேட்கிறார்கள். அதே 100 ரூபாய்க்கு இன்று 33 மூட்டை அளக்க வேண்டும். அவன் வாங்கியது 17 மூட்டை. வட்டியாகக் கொடுத்தது சில மூட்டை. இன்னும் கொடுக்க வேண்டியது 33 மூட்டை. நோட்டில் எழுத்து மாறவில்லை, கையெழுத்து மாறவில்லை, முத்திரைத் தலை மாறவில்லை.

அப்படியானால் அவன் பட்ட கடன் எவ்வளவு? வாங்கிய நாளின் ரூபாயா, கொடுக்கிற நாளின் ரூபாயா? எழுதிய வாக்கு எழுதிய வாக்குத்தான் என்றது முன்சீப் கோர்ட்டு. இந்தக் கேள்விக்கு வேறொரு விடையைச் சட்டமாக எழுதத் துணிந்தவர், இதே ஜில்லாவில் வக்கீல் தொழில் நடத்திய ஒருவர். அவருடைய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது 1938இல். தங்கம் புறப்பட்டது 1931இல்.

இடையிலே கிடக்கும் அந்த ஆறு வருஷங்களில், ராஜா வாய்க்காலின் இரு கரையிலும் எத்தனை வயல்களின் பட்டாவில் பெயர் மாறிற்று?

(தொடரும்)